டீசல் விலை ஏறியும் ஆலைகள் மூடுவது ஏன்? ஐரோப்பிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு பற்றி வாசகர் கேள்விகள்

ஸ்காட்லாந்தின் கிரேஞ்ச்மவுத், ஜெர்மனியின் வெசெலிங் என 2025-இல் அடுத்தடுத்து ஆலைகள் கச்சா எண்ணெய் வடிப்பதை நிறுத்தின. அதையொட்டி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். கணக்குகளில் வரும் விலைகள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. அன்றைய சந்தை விலையைப் போட்டு நீங்களே திரும்பக் கணக்கிடலாம்.

கேள்வி: கச்சா எண்ணெய்க்கு அளவுகோலான பிரென்ட் ரகத்தின் விலையும் டீசல் விலையும் தினமும் இணையத்தில் கிடைக்கின்றன. இவற்றை வைத்து ஓர் ஐரோப்பிய ஆலையின் மார்ஜினை, அதாவது பீப்பாய்க்கு மிஞ்சும் தொகையை, நானே கணக்கிட முடியுமா?

பதில்: முடியும். முதலில் அலகைச் சரிசெய்யுங்கள். கச்சா எண்ணெய் பீப்பாய்க் கணக்கில் விற்கிறது. ஐரோப்பாவில் டீசலும் பெட்ரோலும் டன் கணக்கில் விற்கின்றன. ஒரு டன் டீசல் 7.45 பீப்பாய், பெட்ரோல் 8.33, விமான எரிபொருள் 7.88, நாப்தா (வேதி ஆலைகளுக்குப் போகும் இலகு எண்ணெய்) 8.9, கனமான எரி எண்ணெய் 6.35. சந்தையில் வழக்கமாகப் பயன்படுத்தும் மாற்று எண்கள் இவையே. டீசல் டன் 700 டாலர் என்றால் 7.45-ஆல் வகுக்க, பீப்பாய்க்கு 93.96 டாலர். பிரென்ட் 70 டாலர் என்றால் வித்தியாசம் ஏறத்தாழ 24 டாலர். டீசல் கிராக் என்று செய்திகளில் வருவது இதுதான்.

பலர் இத்துடன் நிறுத்திவிட்டு, ஆலைக்குப் பீப்பாய்க்கு 24 டாலர் லாபம் என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் ஒரு பீப்பாய் கச்சாவில் டீசல் மட்டுமா வருகிறது? நடுத்தர ஆலை ஒன்றில் 40 சதவீதம் டீசல், 10 விமான எரிபொருள், 25 பெட்ரோல், 6 நாப்தா, 12 எரி எண்ணெய் என்று கொள்ளுங்கள். மீதி 7 சதவீதம் ஆலையின் உலைகளில் எரிவதிலும் பிற இழப்புகளிலும் போகிறது. பெட்ரோல் டன் 720, விமான எரிபொருள் 740, நாப்தா 560, எரி எண்ணெய் 400 டாலர் என்று வைத்தால், ஒவ்வொன்றையும் பீப்பாய் விலையாக்கி அதன் பங்கால் பெருக்கிக் கூட்ட 79.92 டாலர் வரும். கச்சாவுக்கு 70 டாலர், அதன் ரகத்துக்கான கூடுதல் விலையும் கப்பல் கூலியும் 1.50. மிச்சம் 8.42. வெளியே வாங்கும் இயற்கை எரிவாயு, மின்சாரம், கார்பன் உமிழ்வு உரிமம் ஆகியவற்றுக்கு 2.50 போனால் ஏறத்தாழ 5.90. சம்பளம், பராமரிப்பு, காப்பீடு போன்ற நிலையான செலவு 3.50 போனால் கையில் நிற்பது 2.40 டாலர். 24 டாலர் என்று தொடங்கிய எண்ணில் பத்தில் ஒரு பங்கு!

இந்தக் கணக்கில் அடிக்கடி நேரும் பிழை இரண்டு. ஒன்று, மாதம் பொருந்தாமை. ஜனவரி நடுவில் முன்மாத பிரென்ட் ஒப்பந்தம், அதாவது அடுத்து முடியவுள்ள எதிர்கால ஒப்பந்தம், மார்ச் மாதத்துக்கு உரியது. முன்மாத டீசல் ஒப்பந்தமோ பிப்ரவரிக்கு உரியது. அருகில் உள்ள மாதம் விலை கூடியும் தள்ளியுள்ள மாதம் குறைந்தும் இருக்கும் நாட்களில், இந்த ஒரு மாத இடைவெளியே கிராக்கை ஒன்றிரண்டு டாலர் ஊதிக் காட்டிவிடும். இரண்டையும் ஒரே மாதத்துக்கு எடுங்கள். இன்னொன்று, ஆலை வாங்கும் சரக்கின் விலை எதிர்கால ஒப்பந்தத்தின் விலை அல்ல. உடனடிச் சரக்குக்குத் தட்டுப்பாடு வரும்போது அதன் விலை ஒப்பந்த விலையைவிடப் பல டாலர் மேலே போகும். திரையில் மார்ஜின் நன்றாகத் தெரியும். வாங்குபவர் கையில் அது இருக்காது.

டோட்டல்எனர்ஜீஸ், ஓ.எம்.வி., போலந்தின் ஓர்லென் போன்ற நிறுவனங்கள் தங்கள் மாதிரி மார்ஜினை வெளியிடுகின்றன. ஆனால் ஒவ்வொன்றும் வெவ்வேறு விளைச்சல் விகிதத்தில் கட்டப்பட்டது. எரிவாயுச் செலவைக் கழிக்கும் முறையும் ஒன்றல்ல. ஒரு நிறுவனத்தின் எண்ணை அதே நிறுவனத்தின் முந்தைய காலாண்டோடு ஒப்பிடுங்கள். பக்கத்து நிறுவனத்தோடு ஒப்பிட வேண்டாம்.

கேள்வி: 2022-இல் இந்த ஆலைகள் பெரும் லாபம் பார்த்தன. அப்படியிருக்க மூன்றே ஆண்டுகளில் மூடுவானேன்?

பதில்: ஆலையை மூடும் முடிவு அன்றைய மார்ஜினைப் பார்த்து எடுக்கப்படுவதில்லை. அடுத்த பெரிய ஷட்டவுனுக்கான, அதாவது பராமரிப்பு நிறுத்தத்துக்கான, செலவைப் பார்த்தே எடுக்கப்படுகிறது. இந்தத் துறையைப் புரிந்துகொள்ள வேறு எதைவிடவும் இது உதவும்.

ஒவ்வொரு யூனிட்டையும் நான்கு முதல் ஆறு ஆண்டுகளுக்கு ஒருமுறை முழுவதுமாக நிறுத்தித் திறந்து பார்த்தாக வேண்டும். அழுத்தக் கலன்களுக்கான ஆய்வுச் சான்று காலாவதியாகும். கிரியாஊக்கி வலுவிழந்திருக்கும். வெப்பப் பரிமாற்றிக் குழாய்களில் படிவு ஏறி, அதே வேலைக்கு உலையில் கூடுதல் எரிபொருள் எரிந்துகொண்டிருக்கும். ஊட்டத்தைக் குறைத்து, அழுத்தத்தை இறக்கி, நைட்ரஜனாலும் நீராவியாலும் கழுவி, குழாய்களில் அடைப்புத் தகடு போட்டு, கலன்களைத் திறந்து, பழுது பார்த்து, மீண்டும் ஓட்டத்துக்குக் கொண்டுவர ஆறு முதல் எட்டு வாரம் பிடிக்கும். பெரிய ஆலையில் இதற்கான செலவு பத்துக் கோடி யூரோவைத் தாண்டக்கூடும். அந்த வாரங்களில் விற்பனையும் இல்லை.

மேலே போட்ட கணக்கை நாளொன்றுக்கு 1.5 லட்சம் பீப்பாய் ஓடும் ஆலைக்குப் பொருத்திப் பாருங்கள். ஆண்டுக்கு 350 நாள் ஓடினால் 5.25 கோடி பீப்பாய், 2.40 வீதம் 12.6 கோடி டாலர் மிச்சம். நல்ல தொகையாகத்தான் தெரியும். ஆனால் இதில் ஏற்கெனவே கழித்த நிலையான செலவு 18 கோடி டாலருக்கு மேல். ஆலை ஓடினாலும் ஓடாவிட்டாலும் அது போய்க்கொண்டே இருக்கும். மார்ஜின் மூன்று டாலர் சரிந்தாலே அந்த ஆண்டு நட்டத்தில் முடியும். தேவை குறைந்து ஆலையை 75 சதவீதத்தில் ஓட்டினால், 3.50 டாலராக இருந்த நிலையான செலவு பீப்பாய்க்கு 4.67 ஆகிவிடும். ஐந்தாண்டில் இரண்டு ஆண்டு இப்படிப் போனாலே, அடுத்த ஷட்டவுனுக்குப் பணம் போடுவது வீண் என்று நிர்வாகம் முடிவு கட்டிவிடும். பெட்ரோல், டீசல் கார்கள் குறையப்போகும் கண்டத்தில் பத்தாண்டில் திரும்பக் கிடைக்கும் முதலீட்டுக்கு யாரும் எளிதில் கையெழுத்துப் போட மாட்டார்கள். ஆகவே 2022-இன் லாபம் மூடும் நாளைத் தள்ளிப்போட்டது, முடிவை மாற்றவில்லை.

1924-இல் தொடங்கிய கிரேஞ்ச்மவுத் 2025 ஏப்ரலில் கச்சா வடிப்பதை நிறுத்தி இறக்குமதி முனையமாகியது. சுமார் 400 பேர் வேலை இழந்தார்கள். ஷெல் நிறுவனத்தின் வெசெலிங் 2025 மார்ச்சில் கச்சாவை நிறுத்தியது. அங்குள்ள ஹைட்ரோகிராக்கர் (கனமான எண்ணெயை ஹைட்ரஜன் கொண்டு உடைக்கும் யூனிட்), மசகு எண்ணெய்க்கான அடிப்படை எண்ணெய் தயாரிக்க மாற்றப்படுகிறது. இங்கிலாந்தின் லிண்ட்ஸி ஆலையை நடத்திய குழுமம் 2025 ஜூனில் திவாலானது. பிரிட்டனில் மிஞ்சியவை ஃபாலி, ஸ்டான்லோ, பெம்ப்ரோக், ஹம்பர் ஆகிய நான்குதான். இவற்றுக்கு முன்பே 2021-இல் போர்ச்சுகலின் மத்தோசின்யோஸ், பின்லாந்தின் நான்டாலி, நார்வேயின் ஸ்லாகன், பிரான்ஸின் கிராண்ட்பியூய் ஆகிய நான்கும் நின்றுபோயின.

நடைமுறை மூலதனத்தையும் மறக்கக் கூடாது. மேற்சொன்ன ஆலையில் தொட்டிகளிலும் குழாய்களிலும் வழியில் வரும் கப்பலிலுமாக 30 நாள் சரக்கு என்றால் 45 லட்சம் பீப்பாய். 70 டாலர் வீதம் 31.5 கோடி டாலர் எந்நேரமும் முடங்கிக் கிடக்கும். இந்தப் பணம் பெரும்பாலும் வங்கிக் கடன் உத்தரவாதத்தில் ஓடுகிறது. வங்கி கையை இழுத்துக்கொண்டால் ஒரு வாரத்தில் கச்சா வரத்து நின்றுவிடும். ஐரோப்பாவின் மிகப் பெரிய தனியார் சுத்திகரிப்பு நிறுவனமாக இருந்த பெட்ரோபிளஸ் 2012 ஜனவரியில் விழுந்தது இப்படித்தான். லண்டன் அருகிலிருந்த அதன் கோரிட்டன் ஆலை அதே ஆண்டு மூடப்பட்டது. பெரிய எண்ணெய் நிறுவனம் விற்க, சிறிய நிறுவனம் கடனில் வாங்கிய ஆலைகளில் முதலில் கவனிக்க வேண்டியது யூனிட்டுகளை அல்ல, கடன் ஒப்பந்தத்தை.

கேள்வி: சில ஆலைகள் மூடினால் மிஞ்சிய ஆலைகளுக்கு மார்ஜின் கூடத்தானே வேண்டும்?

பதில்: கொஞ்சம் கூடும். ஆனால் அதற்கு உச்சவரம்பு உண்டு. நெதர்லாந்தின் ரோட்டர்டாம் துறைமுகத்தில் டீசல் விலை எவ்வளவு ஏறலாம் என்பதை அமெரிக்க வளைகுடாக் கரை, மேற்காசியா, இந்தியா ஆகிய இடங்களின் விலையும் அங்கிருந்து வரும் கப்பல் கூலியும் சேர்ந்தே முடிவு செய்கின்றன. அதற்கு மேல் விலை போனால் கப்பல்கள் திரும்பி ஐரோப்பாவுக்கு வரும். உலகம் நாளொன்றுக்கு 8 கோடி பீப்பாய்க்கு மேல் சுத்திகரிக்கிறது, 1.5 லட்சம் பீப்பாய் ஆலை ஒன்று மூடுவது அதில் ஆயிரத்தில் இரண்டு பங்குகூட இல்லை. எனவே உள்ளூர் ஆலைக்கு நிலையாகக் கிடைக்கும் அனுகூலம் கப்பல் கூலி அளவுதான். 2023 இறுதியிலிருந்து செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டபோது, மேற்காசிய டீசல் ஆப்பிரிக்காவைச் சுற்றி வரவேண்டியிருந்தது. பயணம் பத்து நாளுக்கு மேல் நீண்டது, கூலி ஏறியது, ஐரோப்பிய ஆலைகள் மூச்சு விட்டன. அது அவர்களின் திறமையால் வந்த மார்ஜின் இல்லை, தூரத்தால் வந்தது.

மறுபுறம் புதிய ஆலைகள் எல்லாம் வெளியே எழுகின்றன. குவைத்தின் அல்-ஸூர் 6.15 லட்சம் பீப்பாய், ஓமானின் துக்ம் 2.3 லட்சம், நைஜீரியாவின் டாங்கோட்டே 6.5 லட்சம். இவற்றில் ஐரோப்பாவை நேரடியாகத் தாக்குவது டாங்கோட்டேதான். காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஐரோப்பாவில் டீசல் பற்றாக்குறை, பெட்ரோல் உபரி. 1990-களிலிருந்து பல நாடுகள் டீசலுக்குக் குறைந்த வரி போட்டதால் கார்கள் டீசலுக்கு மாறின. ஆலைகளோ பெட்ரோலுக்காகக் கட்டப்பட்டவை. மிஞ்சிய பெட்ரோல் பல்லாண்டுகளாக அமெரிக்கக் கிழக்குக் கரைக்கும் மேற்கு ஆப்பிரிக்காவுக்கும் போயிற்று. நைஜீரியா பெரிய வாடிக்கையாளர். டாங்கோட்டே 2024 ஜனவரியில் ஓடத் தொடங்கி அதே ஆண்டு செப்டம்பரில் பெட்ரோலும் தர ஆரம்பித்ததும் அந்தக் கதவு சாத்தத் தொடங்கியது. பெட்ரோலும் டீசலும் ஒரே கச்சாவிலிருந்து கூடவே பிறப்பவை. டீசலுக்கு நல்ல விலை கிடைக்கிறதென்று கச்சா ஓட்டத்தைக் கூட்டினால் விற்க முடியாத பெட்ரோலும் நாப்தாவும் சேர்ந்தே பெருகும். அவற்றின் விலை விழுந்து டீசலில் வந்த லாபத்தைத் தின்றுவிடும். டீசல் தட்டுப்பாட்டின்போதுகூட ஐரோப்பிய ஆலைகள் முழு வேகத்தில் ஓடாமல் இருப்பதைக் கண்டு வியந்தவர்களுக்கு விடை இதுதான்.

கேள்வி: எரிவாயு விலையும் கார்பன் கட்டணமும் உண்மையிலேயே இவ்வளவு பெரிய சுமையா? அல்லது நிறுவனங்கள் சொல்லும் சாக்கா?

பதில்: கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஒரு பீப்பாய் கச்சாவில் உள்ள ஆற்றல் சுமார் 1.7 மெகாவாட் மணி. அதில் ஏறத்தாழ 6 சதவீதம், அதாவது 100 கிலோவாட் மணி, அதைச் சுத்திகரிக்கவே செலவாகிறது. இதில் பாதியை ஆலையில் உண்டாகும் வாயுவே ஈடுகட்ட, மீதிப் பாதியை இயற்கை எரிவாயுவாக வாங்குவதாகக் கொள்வோம். டச்சுச் சந்தையான டி.டி.எஃப்.-இல் மெகாவாட் மணிக்கு 30 யூரோ என்றால் பீப்பாய்க்கு 1.50 யூரோ. அமெரிக்காவில் எரிவாயு 10 டாலருக்குச் சமமான விலையில் கிடைக்கும்போது அங்குள்ள ஆலைக்கு 50 சென்ட். மீதமாகும் லாபமே இரண்டு, மூன்று டாலர் என்ற தொழிலில் ஒரு யூரோ வித்தியாசம் கனமானது. 2022 ஆகஸ்டில் டி.டி.எஃப். 300 யூரோவைத் தாண்டியது. அந்த விலையில் இதே கணக்கு 15 யூரோ.

இது சராசரி. ஹைட்ரோகிராக்கரை மட்டும் தனியே பார்த்தால் நிலைமை இன்னும் கூர்மையாகத் தெரியும். அந்த யூனிட்டில் போகும் ஒரு பீப்பாய்க்கு 4 கிலோ ஹைட்ரஜன் தேவை என்று வையுங்கள். ஒரு கிலோ ஹைட்ரஜனை எரிவாயுவிலிருந்து எடுக்க 50 கிலோவாட் மணி எரிவாயு வேண்டும். 30 யூரோ விலையில் பீப்பாய்க்கு 6 யூரோ; 300 யூரோ விலையில் 60. அதனால்தான் அந்த நாட்களில் பல ஆலைகள் ஹைட்ரோகிராக்கரைத் தணித்து, கந்தகம் குறைந்த கச்சாவைத் தேடி வாங்கி, உலைகளில் எரிவாயுவுக்குப் பதில் எல்.பி.ஜி.யையும் எரி எண்ணெயையும் எரித்தன.

கார்பனுக்கு வருவோம். ஐரோப்பிய ஆலைகள் ஒரு டன் கச்சாவுக்குச் சுமார் 200 கிலோ கார்பன் டை ஆக்சைடு விடுகின்றன. பீப்பாய்க்கு 27 கிலோ அளவில். உரிமம் டன் 75 யூரோ என்றால் முழுச் செலவு 2 யூரோ. முக்கால் பங்குக்கு இலவச உரிமம் கிடைத்தால் கையிலிருந்து போவது 50 சென்ட்தான். ஆகவே இன்றைய சுமை எரிவாயுவைவிடச் சிறியது. ஆனால் இலவசப் பங்கு சிறந்த ஆலைகளின் அளவுகோலில் நிர்ணயமாகிறது; அந்த அளவுகோல் காலத்துக்குக் காலம் இறுகுகிறது. அதிகம் எரிக்கும் பழைய ஆலைக்கு அந்த 50 சென்ட் ஒரு யூரோவைத் தாண்டிப் போகும். 2023 பிப்ரவரியில் உரிம விலை 100 யூரோவைத் தொட்டதையும் நினைவில் வையுங்கள்.

நிறுவனங்களின் புகாரில் நியாயமான பகுதி ஒன்று உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2026 ஜனவரி 1 முதல் நடைமுறைப்படுத்திய எல்லைக் கார்பன் வரியில் சிமென்ட், இரும்பு, அலுமினியம், உரம், மின்சாரம், ஹைட்ரஜன் இருக்கின்றன. டீசலும் பெட்ரோலும் இல்லை. உள்ளூர் ஆலை கார்பனுக்குப் பணம் கட்ட, இறக்குமதியாகும் அதே டீசல் கட்டாமல் வருகிறது. காலநிலைக்காகவே இதைச் செய்வதானாலும் இந்த ஓட்டை இருக்கக் கூடாது என்பது எங்கள் கருத்து. உமிழ்வு குறையவில்லை, இடம் மட்டும் மாறுகிறது.

கேள்வி: ரஷ்யக் கச்சாவிலிருந்து பிற நாடுகளில் தயாராகும் டீசலையும் ஐரோப்பா தடுத்துவிட்டதாமே? அதை எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

பதில்: டீசலைச் சோதித்துக் கண்டுபிடிக்க முடியாது, ஆவணம்தான் வழி. ரஷ்யக் கடல்வழிக் கச்சாவுக்கு 2022 டிசம்பர் 5 முதலும், ரஷ்ய டீசல் உள்ளிட்ட பொருட்களுக்கு 2023 பிப்ரவரி 5 முதலும் தடை. அதன்பின் ரஷ்யக் கச்சா வேறு நாடுகளில் டீசலாகி ஐரோப்பாவுக்கு வந்தது. 2025 ஜூலையில் ஏற்ற 18-ஆவது தடைத் தொகுப்பு அதையும் 2026 ஜனவரி 21 முதல் தடுத்தது. கனடா, நார்வே, சுவிட்சர்லாந்து, பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நாடுகளிலிருந்து வரும் சரக்குக்கு விலக்கு உண்டு.

இறக்குமதியாளர், கச்சா எந்த நாட்டுக்குரியது என்று காட்ட வேண்டும். ஒரே ஆலையில் ரஷ்யக் கச்சாவும் பிறவும் ஓடினால், தனித்தனி யூனிட்டில் பிரித்து ஓட்டியதை நிரூபிக்க வேண்டும். அல்லது சரக்கேற்றுச் சீட்டு தேதிக்கு முந்தைய 60 நாள் அந்த ஆலை ரஷ்யக் கச்சாவைத் தொடவில்லை என்று காட்ட வேண்டும். குஜராத்தின் ஜாம்நகரில் உள்ள ரிலையன்ஸின் ஏற்றுமதி ஆலை 2025 நவம்பரில் ரஷ்யக் கச்சா எடுப்பதை நிறுத்தியது இந்தப் பின்னணியில்தான். நடைமுறையில் சரக்கு நின்றுபோகவில்லை, திசை மாறியது: சான்று காட்டக்கூடிய டீசல் ஐரோப்பாவுக்கு, மற்றது ஆப்பிரிக்காவுக்கும் பிற சந்தைகளுக்கும். தூரம் கூடுகிறது, கூலி கூடுகிறது, அந்தக் கூலி ஐரோப்பிய ஆலையின் மார்ஜினில் சேர்கிறது. 2025 அக்டோபர் 22 அன்று ரோஸ்நெஃப்ட், லுக்காயில் ஆகிய ரஷ்ய எண்ணெய் நிறுவனங்கள் மீது அமெரிக்கா விதித்த தடைக்குப் பின் டீசல் கிராக் உயர்ந்ததில் இதற்கும் பங்கு உண்டு. அதே தடை பல்கேரியாவின் புர்காஸ், ருமேனியாவின் பெட்ரோடெல் ஆகிய லுக்காயில் ஆலைகளுக்குத் தலைவலியானது. மார்ஜின் ஏறும் நேரத்தில் வங்கிப் பரிமாற்றம் சிக்கினால் அந்த லாபத்தை எடுக்க முடியாது.

கேள்வி: நெல்சன் குறியீடு கூடிய ஆலை என்றால் பாதுகாப்பானதா?

பதில்: கனமான கச்சாவைக் கூடுதலாக டீசல், பெட்ரோல் ஆக்கும் திறனை அது காட்டுகிறது; கச்சா யூனிட்டை 1 என்று வைத்து மற்றவற்றுக்கு மதிப்புக் கொடுக்கும் முறை. ஆனால் கந்தகக் கச்சாவுக்கும் கந்தகம் குறைந்த இனிப்புக் கச்சாவுக்கும் இடையே விலை வித்தியாசம் குறைந்தால் சிக்கலான ஆலைக்கு அனுகூலம் சுருங்கும்; எரிவாயு ஏறினால் அதன் ஹைட்ரஜன் செலவும் ஏறும். குறியீட்டை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

கேள்வி: ரைன் நதியில் தண்ணீர் குறைந்தால் எண்ணெய் விலை ஏறுகிறது என்கிறார்கள். சுத்திகரிப்புக்கும் ஆற்றுக்கும் என்ன தொடர்பு?

பதில்: ரோட்டர்டாம், ஆன்ட்வெர்ப் பகுதியிலிருந்து தென்மேற்கு ஜெர்மனிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் எரிபொருள் போகும் முக்கியப் பாதை ரைன். காவுப் என்னும் இடத்தின் அளவுமானிதான் எல்லோரும் பார்ப்பது. அதில் 40 சென்டிமீட்டர் என்றால் ஆற்றின் ஆழம் 40 அல்ல. கப்பல் பாதையில் அதைவிட ஒரு மீட்டருக்குச் சற்று மேல் கூடுதலாக இருக்கும். அந்த மட்டத்தில் படகுகள் கொள்ளளவில் ஒரு சிறு பங்கைத்தான் ஏற்ற முடியும். டன்னுக்கான கூலி பல மடங்காகும். 2018 அக்டோபரில் 25 சென்டிமீட்டர் வரையும் 2022 ஆகஸ்டில் 32 சென்டிமீட்டர் அளவுக்கும் இறங்கியது.

கார்ல்ஸ்ரூவேயில் உள்ள மீரோ, ஜெர்மனியின் மிகப் பெரிய ஆலை. அதற்குக் கச்சா இத்தாலியின் திரியெஸ்தே துறைமுகத்திலிருந்து குழாய் வழியே வருகிறது. ஆறு வற்றினாலும் கச்சா நிற்காது. போட்டி டீசல் மட்டும் நின்றுவிடும். அந்த வாரங்களில் உள்நாட்டு ஆலையின் மார்ஜின் கடற்கரை ஆலையைவிட மேலே போகும். ஆனால் தன் சொந்தப் பொருளைப் படகில் அனுப்பும் கொலோன் பகுதி ஆலைகளுக்கு இதே வறட்சி இடையூறு: தொட்டி நிரம்பினால் ஓட்டத்தைக் குறைத்தாக வேண்டும். ஆகவே உள்நாட்டு ஆலைகளைப் பார்க்கும்போது கச்சா எதில் வருகிறது, பொருள் எதில் போகிறது என்று இரண்டையும் தனித்தனியே கேளுங்கள்.

கேள்வி: மூடும் ஆலைகளை உயிரி எரிபொருள் ஆலையாக மாற்றுவது நல்ல வழி இல்லையா? தொழில்நுட்ப விவரத்துடன் சொல்லுங்கள்.

பதில்: சில இடங்களில் நல்ல வழி. இத்தாலியில் எனி நிறுவனம் 2014-இல் வெனிஸையும் 2019-இல் ஜெலாவையும் மாற்றியது. லிவோர்னோவில் மாற்றம் நடக்கிறது. பிரான்ஸில் லா மேத் 2019-இல் மாறியது. இருக்கும் ஹைட்ரஜன் யூனிட், உயரழுத்த ரியாக்டர், தொட்டிகள், கப்பல் துறை ஆகியவை பயன்படுவதால் புதிதாகக் கட்டுவதைவிட மலிவு.

தாவர எண்ணெய், பயன்படுத்திய சமையல் எண்ணெய், விலங்குக் கொழுப்பு ஆகியவற்றை ஹைட்ரஜனுடன் சேர்த்து 300 முதல் 400 டிகிரி செல்சியஸில் கிரியாஊக்கி மீது செலுத்துவதே முறை. ஆக்சிஜன் நீராகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் பிரியும். ஹைட்ரஜன் தேவை ஊட்டத்தின் எடையில் 3 முதல் 4 சதவீதம். திரவ எரிபொருளாக 80 சதவீதத்துக்கு மேல் கிடைக்கும். கொஞ்சம் புரோப்பேனும் வரும்.

சிக்கல் பெரும்பாலும் ஊட்டத்தில் தொடங்கும். பாஸ்பரஸ், சோடியம், கால்சியம், குளோரைடு ஆகியவற்றை முன்சுத்திகரிப்பில் நீக்காவிட்டால் கிரியாஊக்கியின் மேலடுக்கு பசைபோல் இறுகி, அழுத்த இழப்பு ஏறி, ஆண்டுக்கணக்கில் ஓடவேண்டிய ரியாக்டர் சில மாதங்களில் நிற்கும். பழைய டீசல் யூனிட்டை அப்படியே பயன்படுத்தியவர்கள் சந்திப்பது வெப்பம்: ஆக்சிஜன் நீக்கத்தில் வெளியாகும் வெப்பம் கந்தக நீக்கத்தைவிட மிக அதிகம். விளைபொருளில் ஒரு பகுதியைத் திரும்ப ஊட்டத்தில் கலந்து நீர்க்கச் செய்து, கிரியாஊக்கி அடுக்குகளுக்கு இடையே குளிர் ஹைட்ரஜனும் செலுத்த வேண்டும். கொழுப்பு அமிலம் சாதாரண எஃகை அரிக்கும். ஊட்டக் குழாய்களை உயர்ரக எஃகுக்கு மாற்ற வேண்டும். கிடைக்கும் நேர்ச்சங்கிலி ஹைட்ரோகார்பன் குளிரில் உறையும் என்பதால் சங்கிலியைக் கிளைக்கச் செய்யும் ஐசோமரைசேஷன் அடுக்கு இல்லாமல் குளிர்காலத்துக்கு விற்க முடியாது. விமான எரிபொருள் என்றால் இன்னும் கடுமையாக.

தொழில்நுட்பம் தெரிந்ததுதான். மூலப்பொருளுக்குத்தான் தட்டுப்பாடு. ஆண்டுக்குப் பல பத்து லட்சம் டன் கச்சா ஓடிய இடத்தில் லிவோர்னோவின் புதிய அளவு 5 லட்சம் டன். ரோட்டர்டாமில் 8.2 லட்சம் டன் உயிரி எரிபொருள் ஆலையைப் பாதி கட்டிய ஷெல் 2024-இல் பணியை நிறுத்தி, 2025 செப்டம்பரில் கைவிட்டது. விமான எரிபொருளில் உயிரி வகை உள்ளிட்ட மாற்று எரிபொருள் 2025-இல் 2 சதவீதம், 2030-இல் 6, 2035-இல் 20 என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் கட்டாயக் கலப்பு விதி இருக்கிறது. எனவே தேவைக்கு உத்தரவாதம் உண்டு. பயன்படுத்திய எண்ணெயின் விலைக்கு உத்தரவாதம் இல்லை. நிறைய ஆலைகள் ஒரே எண்ணெயைத் தேடும்போது விற்பவருக்குத்தான் லாபம் போகும்.

கேள்வி: நான் வேதிப்பொறியாளர். ஐரோப்பிய ஆலை ஒன்றில் வேலை வாய்ப்பு வந்திருக்கிறது. பத்து ஆண்டு தாங்குமா என்று எப்படிக் கணிப்பது?

பதில்: நேர்காணலின் கடைசியில் உங்களிடம் கேள்வி உண்டா என்று கேட்பார்கள் அல்லவா, அப்போது அடுத்த பெரிய ஷட்டவுன் எப்போது, அதற்கான கிரியாஊக்கியும் நீண்டகாலம் பிடிக்கும் உதிரிபாகங்களும் ஆர்டர் ஆகிவிட்டனவா என்று கேளுங்கள். பெரிய கலன், கம்ப்ரசர் ரோட்டர் போன்றவை கைக்கு வர ஓராண்டுக்கு மேல் ஆகும். பதினெட்டு மாதத்தில் ஷட்டவுன் என்று சொல்லிவிட்டு எதுவும் ஆர்டர் ஆகவில்லை என்றால் அங்கே முடிவு இன்னும் எடுக்கப்படவில்லை என்று பொருள். ஷட்டவுனை இரண்டு முறை தள்ளிவைத்த ஆலை என்றால் குடும்பத்தை உடனே இடம் மாற்றாதீர்கள்.

இரண்டாவதாக, ஆலைக்குப் பக்கத்தில் அதன் நாப்தாவையும் புரோப்பிலீனையும் வாங்கும் வேதி ஆலை இருக்கிறதா, அது ஓடுகிறதா என்று பாருங்கள். ஒரு காலத்தில் இதுவே பாதுகாப்பு; இப்போது ஐரோப்பிய வேதித்துறையும் தளர்ந்திருப்பதால் இருபுறமும் வெட்டும். பிரான்ஸின் கிராவன்ஷோனில் எக்ஸான்மொபில் 2024-இல் வேதி யூனிட்டுகளை மூடி, சுத்திகரிப்பு ஆலையைத் தொடர்ந்தது. அடுத்து, எண்ணெய்த் தொட்டி வளாகமும் கப்பல் துறையும் தனி நிறுவனமாகப் பிரிக்கப்பட்டிருக்கிறதா என்று கவனியுங்கள். முனையத்தை வைத்துக்கொண்டு யூனிட்டுகளை நிறுத்த வசதியான ஏற்பாடு அது.

எங்கள் கணிப்பைக் கேட்டால்: ரோட்டர்டாம், ஆன்ட்வெர்ப் பகுதியின் பெரிய ஆலைகள், ஸ்பெயின், கிரீஸ் போன்ற மத்தியதரைக் கடற்கரையில் ஹைட்ரோகிராக்கரும் கோக்கரும் (அடியில் மிஞ்சும் கசடை உடைக்கும் யூனிட்) உள்ளவை, போட்டி டீசல் எளிதில் வர முடியாத போலந்தின் ப்வோட்ஸ்க் போன்றவை 2035-க்கு அப்பாலும் ஓடும். 2035-க்குப் பின் புதிய கார்களுக்கு நூறு சதவீத உமிழ்வுக் குறைப்பு என்ற விதியை 90 ஆகத் தளர்த்த 2025 டிசம்பரில் ஐரோப்பிய ஆணையம் முன்மொழிந்தது. அந்த விதி முதலில் பாதிக்கப்போவது பெட்ரோலை. லாரி, விமானம், கப்பலுக்கான தேவை மெல்லத்தான் குறையும். எஃப்.சி.சி. (கனமான எண்ணெயைப் பெரும்பாலும் பெட்ரோலாக உடைக்கும் யூனிட்) மட்டும் வைத்துப் பெட்ரோலையே நம்பும், ஒற்றைக் கச்சா யூனிட் கொண்ட, நடுத்தர அளவு ஆலைகள்தான் வரிசையில் அடுத்து நிற்கின்றன. அப்படிப்பட்ட ஆலையில் வேலை கிடைத்தால் சேருங்கள், ஆனால் ஹைட்ரஜன் யூனிட், ஹைட்ரோட்ரீட்டர் (ஹைட்ரஜன் கொண்டு கந்தகம் நீக்கும் யூனிட்), சல்ஃபர் யூனிட் ஆகிய பகுதிகளில் பணி கேளுங்கள். உயிரி எரிபொருளுக்கு மாறினாலும், அடிப்படை எண்ணெய்க்கு மாறினாலும், அந்த அனுபவத்தைத்தான் தேடுவார்கள்.